பிஸ்கட் பெட்டிக்குள் என் பயொப்சிக் கடிதம்

கட்டி வலிக்கவில்லை. அதுதான் என்னை முதலில் ஏமாற்றியது. இடது மார்பின் மேற்பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், தொட்டால் நழுவாமல் ஒரே இடத்தில் இருந்தது.

வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தரம் பத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவள் நான். கலம் எப்படிப் பிரிகிறது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். தெரிந்த நானே இப்படி நடந்துகொண்டேன் என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது இப்போது ஒரு கட்டி இருந்தால், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

வைத்தியசாலையில் வைத்தியர் இரண்டு நிமிடம் பார்த்தார். பயொப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஒன்பது நாள் கழித்துத் திகதி. எதற்காக, எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே தாழ்வாரத்து வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லித் தந்தார்.

“ஊசி குத்தினாத்தான் பிள்ளை அது கலைஞ்சு பரவும். குத்தாட்டி அது தன்ர பாட்டில கிடக்கும்.”

அது பொய். ஊசியால் புற்றுநோய் பரவுவதில்லை என்று பின்னர் எனக்குச் சிகிச்சை செய்தவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். அந்தப் பொறுமை முதல் நாளே கிடைத்திருந்தால் நான் வசந்தி அக்காவின் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன்.

வசந்தி அக்கா அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். ரேகி (உள்ளங்கையை உடலில் வைத்து உயிர்ச்சக்தியைச் செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை) கற்பிக்கிறவர். அதற்கு முந்திய வருடம் நித்திரை வராமல் தவித்தபோது அவரிடம் இரண்டு நிலை படித்திருந்தேன். நித்திரை வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

இரண்டாம் நிலையில்தான் புனிதக் குறிகளைத் தருவார்கள். முதலாவது ஒரு கோடும் அதைச் சுற்றிச் சுழன்று இறங்கும் வளையமும். பெயர் சோ கூ ரே, சக்தியைக் கூட்டுவதற்கு. இரண்டாவது சே ஹே கீ, மனக்காயத்துக்கு. மூன்றாவது ஹொன் ஷா ஸே ஷோ நென். தூரத்தில் இருப்பவருக்கு அனுப்புவதற்கு. தீட்சை பெறாதவர் கண்ணில் படக்கூடாது, கீறிப் பழகிய தாளை எரித்துவிட வேண்டும் என்று அக்கா சத்தியம் வாங்கினார். என் கணவருக்குக்கூட நான் காட்டியதில்லை.

கட்டியைப் பற்றிச் சொன்னதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடிதத்தைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் சிவப்புப் பேனையால் மூன்று குறிகளையும் கீறினார். அடியில் ‘நான் சுகமாகிவிட்டேன்’ என்று என்னை எழுத வைத்தார்.

“இதைப் பெட்டிக்குள்ள வைச்சு மூடு. இருபத்தொரு நாளைக்குத் திறக்கக்கூடாது. திறந்தால் குறியின்ர கட்டு உடைஞ்சிடும். காலையும் மாலையும் பெட்டிக்கு மேல கைவை.”

“அக்கா, ஒன்பதாம் நாள் எனக்குத் திகதி.”

“நம்பிக்கை வைச்சிட்டுத் திகதி பார்க்கிறியே?”

ரேகிப் பெட்டி என்பது பழகியவர்களுக்குத் தெரிந்த விஷயம். பரீட்சை, வழக்கு, பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் குறி போட்டு அதற்குள் வைப்போம். என்னுடையது ஒரு பழைய பிஸ்கட் பெட்டி. அதற்குள் வைத்தியசாலைக் கடிதத்தை வைத்து மூடி, குசினி அலுமாரியில் ஏற்றிவிட்டு, பயத்திலிருந்து தப்பிவிட்டேன் என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன். ஒன்பதாம் நாள் பாடசாலைக்குப் போனேன்.

இருபத்தொரு நாள் முடிந்ததும் அக்கா தடவிப் பார்த்து, கட்டி இளகுகிறது என்றார். எனக்கும் இளகியதுபோல்தான் இருந்தது. பெட்டி இன்னும் இருபத்தொரு நாள் மூடிக் கிடந்தது. பிறகு மூன்றாவது சுற்று, அதன்பின் நான்காவது. அதன் நடுவில் ஒரு நாள் கை வைத்திருந்தபோது அக்குளில் இன்னொன்று தட்டுப்பட்டது. ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன்.

“கழிவு வெளியேறுது. நல்ல அறிகுறி. பயப்பிடாதை.”

பயந்தேன். அன்று பின்னேரம், துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்தும் என் கணவர் எண்ணெய்க் கையோடு வந்து நின்றபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவ்வளவு நாளும் ‘இன்னும் திகதி வரேல்லை’ என்றே அவரிடம் சொல்லி வந்தேன்.

“கடிதம் எங்க?” என்றார்.

“பெட்டியில.”

அவர் கை கழுவவும் இல்லை. பெட்டியைத் திறந்து தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“இந்தக் கிறுக்கலுக்கோ மாலா பத்துக் கிழமை குடுத்தனீ?”

பத்துக் கிழமை என்று அவர்தான் முதலில் எண்ணிச் சொன்னார். மறுநாள் வைத்தியசாலையில் அந்தக் கடிதத்தைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. தாதி சிவப்புச் சுழிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “வீட்டில சின்னப் பிள்ளை கிறுக்கிப்போட்டுது” என்றேன். என் ஒரே மகளுக்கு இருபது வயது.

முடிவு வந்தது. புற்றுநோய், அக்குளில் நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமிகளை வடிக்கும் சிறு முடிச்சுகள்) போயிருந்தது. மார்பை எடுத்தார்கள், கணுக்களையும் எடுத்தார்கள். மருந்தேற்றலில் முடி போனது, நகம் கறுத்தது. கதிர்வீச்சுக்கு மட்டக்களப்பில் கிழமைக் கணக்கில் தங்கினேன். இதை எல்லாம் தாங்கலாம். நீங்களும் தாங்குவீர்கள். சத்தி (வாந்தி) எடுத்த நாளுக்கும் சோறு ருசித்த நாளுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை.

என்னால் தாங்க ஏலாமல் போனது வேறொன்று. சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த கிழமை வசந்தி அக்கா தோடம்பழத்தோடு வந்தார்.

“உனக்கு மூன்றாம் குறி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறன். அதுக்குத் தூரமும் இல்லை, காலமும் இல்லை. நடந்து முடிஞ்சதுக்கும் போய்ச் சேரும்.”

“அப்ப அந்தப் பத்துக் கிழமைக்கும் அனுப்பி என்னை ஊசிக்குப் போகச் சொல்லுங்கோ அக்கா.”

அவர் முகம் இறுகியது. “நீ பெட்டியை இடையில திறந்திட்டாய். உன்ர நம்பிக்கை குறைஞ்சதுதான் காரணம்.”

தையல் இழுக்க இழுக்க எழுந்து நின்று, “வெளியில போங்கோ” என்றேன். வாழ்க்கையில் நான் ஒருவரை அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. தோடம்பழத்தையும் கொண்டுபோகச் சொன்னேன். சுகமானால் குறியின் பெருமை, சுகமாகாவிட்டால் என் பிழையாம். எந்தச் சோதனையிலும் தோற்க வழியே வைக்காத ஒன்றை என் வகுப்புப் பிள்ளை விஞ்ஞானம் என்று எழுதினால் நான் சிவப்பால் வெட்டுவேன்.

அன்று மகள் தன் தொலைபேசியில் தேடினாள். நான் எரித்து எரித்து மறைத்த குறிகள் ஒரு நொடியில் வந்து நின்றன. மூன்றாவது குறி ஜப்பானிய எழுத்துகள் ஐந்தை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து எழுதியது. ‘சரியான நினைவே எல்லாவற்றுக்கும் மூலம்’ என்பதுபோல ஒரு பொருள் போட்டிருந்தது. நல்ல வாக்கியம். இதில் எங்கே ஊசிக்குப் போகாதே என்று இருக்கிறது? கடிதத்தைப் பூட்டி வை என்று எந்த எழுத்து சொல்கிறது? பாவம், அந்த எழுத்துகள். அவற்றை எழுதியவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை.

ரேகி உங்களை நித்திரையாக்கினால் செய்யுங்கள். எந்தக் குறியையும் கீறிக்கொள்ளுங்கள். வைத்தியசாலைக்குப் போய்வந்து கீறுங்கள்.

இப்போது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு என் இடது கை கனக்கத் தொடங்கும். கணுக்களை எடுத்ததால் வந்த நிணநீர் வீக்கம் (வடிய வழியில்லாத நீர் கையில் தேங்குவது). பாடசாலை முடிந்து வீட்டுக்கு வர மணிக்கட்டில் காப்பு இறுகிவிடும். மணிக்கூடு பார்க்காமலே நேரம் சொல்கிறேன். முன்பு என் வருடம் மூன்று பாடசாலைத் தவணைகளாக இருந்தது. இப்போது கிளினிக்கிலிருந்து கிளினிக்வரை மட்டும் நீள்கிறது. அதற்கு அப்பால் எதையும் திட்டமிடுவதில்லை.

போன கிளினிக்கில், என்னைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரிடம் நேரே கேட்டேன். “நான் பத்துக் கிழமை பிந்தினதாலதானே டொக்டர் அக்குளுக்குப் போனது?”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “தெரியாது. நீங்கள் பிந்த முதலே போயிருக்கலாம். பிந்தினதாலயும் போயிருக்கலாம். ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.”

ஓம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் வசந்தி அக்காவோடு திரும்பக் கதைத்திருப்பேன். இரண்டும் கிடைக்கவில்லை.

“அப்ப நான் யாரோட கோபப்படுறது?”

“விருப்பமான ஆக்களோட கோபப்படுங்கோ ரீச்சர். அடுத்த திகதிக்கு மட்டும் வந்திடுங்கோ.”

போகிறேன். கோபத்தோடுதான் போகிறேன்.