வெண்பருந்தின் கடைசிப் பக்கம்

அந்தக் காமிக்ஸ் ஆண்டு மலருக்காக நானும் மாமாவும் ஒரு வருடம் தவம் கிடந்தோம். மாமா என் அம்மாவின் தம்பி. மஞ்சூருக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில், இலை வாட்டும் அறையில் வேலை பார்த்தார். மாதாமாதம் ஊட்டிக்குப் போய் ‘வெண்பருந்து’ காமிக்ஸ் வாங்கி வருவார். அவர் பையனாக இருந்தபோதே அது பழைய பத்திரிகை. வெள்ளை இறக்கையும் முகமூடியுமாக எத்தனையோ வில்லன்களைப் புரட்டி எடுத்த வெண்பருந்து, ஒரு தடவைகூடத் தன் முகத்தைக் காட்டியதில்லை. வரப்போகும் ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் முகமூடி கழலும் என்று மாதம் தவறாமல் விளம்பரம் போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முகத்தை வரைந்து காட்டுவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

புத்தகம் வந்த அன்று பார்த்து ஆடி மழை. வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, மாமா நடந்தே வந்து சேர்ந்தார். ஸ்வெட்டருக்குள் பத்திரப்படுத்தியும் புத்தகம் ஊறி ஒரே கட்டியாகிவிட்டது. ஒரு தாளைப் பிரிக்கப் போனால் மசி விரலோடு வந்தது. நான் அழுத அழுகையில் லைன் வீடுகள் அத்தனையும் எட்டிப் பார்த்தன. அடுப்புக்கு மேலே காட்டலாம் என்றாள் அம்மா. மாமா விடவில்லை. துண்டில் சுற்றி, மறுநாள் காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

வாட்டும் அறையில் நீள நீளமான தொட்டிகள் இருக்கும். கம்பிவலை மேல் பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை விடுவார்கள். அந்த இலை மேல் மாமா தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு உலர்த்தியிருக்கிறார். ஃபாக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் கண்ணில் பட்டிருந்தால் வேலை போயிருக்கும். சாயங்காலம் புத்தகம் திரும்பி வந்தது. தாளெல்லாம் அப்பளமாக மொறமொறத்தது, பச்சைத் தேயிலை வாசம் வேறு. என் மாமாவைப் போல் ஒரு கெட்டிக்காரர் இந்த மலையிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினேன். அது இல்லை.

“அதொண்ணு மட்டும் இலையில ஒட்டிக் கிழிஞ்சு போச்சு கண்ணு. என்ற தப்புதான்” என்றார் மாமா.

முகத்தையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். மாமா என்னைப் பார்க்காமல் துண்டை உதறி மடித்தார்.

“பாத்தேன். சினிமாக்காரனாட்ட எல்லாம் இல்ல. ஷிப்ட் முடிச்சு ஊட்டுக்கு வர்றவன் மூஞ்சியாட்டத்தான் இருந்துச்சு.”

திங்கட்கிழமை அப்படியே வரைந்து கொண்டுபோனேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் தாடி முள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. வெண்பருந்து என்ன இலை மூட்டையா தூக்குகிறான் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் வள்ளென்று விழுந்தேன். இனி எனக்கு எந்தக் காமிக்ஸும் வேண்டாம் என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் வெண்பருந்து வாங்கி வரவே இல்லை. என் மேல் அவருக்கு அத்தனை கோபம் என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் ஊட்டி பஸ் ஸ்டாண்ட் கடையில் அதே ஆண்டு மலர், பளபளக்கும் தாளில் மறுபதிப்பாகத் தொங்கியது. நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். வெண்பருந்து முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். நமக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கிறான். கீழே கொட்டை எழுத்தில், ‘முகம்? அடுத்த ஆண்டு மலரில்!’

பஸ் முழுக்க மாமாவையே நினைத்துக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு மனிதர் வாய்க்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கட்டியாகிப் போன புத்தகத்தை ஓர் ஓரம்கூடக் கிழியாமல் பிரித்தெடுத்த கைகள் கடைசித் தாளை மட்டும் எப்படிக் கோட்டைவிட்டன என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அடுத்த இதழிலேயே முகமூடி கழலும் என்று மறுபடி விளம்பரம் வந்திருக்கும்; சின்ன வயதிலிருந்து ஆசையாகப் படித்து வந்த அந்தப் புத்தகத்தை அவர் ஏன் ஒரே நாளில் விட்டார் என்றும் கேட்கத் தெரியவில்லை.