திரும்பி வராத கைமாத்து

நீரேற்று நிலையத்தில் அவரை எல்லாரும் ‘பம்பு மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே விடுமுறையென்று மல்லாந்து கிடந்தாலும் குழாயில் தண்ணீர் வர வேண்டாமா? அதற்கு ஒரு ஆள் மோட்டாரோடு நின்றாக வேண்டும். அங்கே பல மதத்துக்காரர்கள் வேலை பார்த்தார்கள். உன் சாமி நாளில் நான் நிற்கிறேன், என் சாமி நாளில் நீ நில். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கைமாத்து. ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

கப்பலேறி வந்தவர்களின் சாமி, மலை தாண்டி வந்தவர்களின் சாமி, விடுதலை வாங்கிய நாள் என்று சர்க்கார் விடுமுறைகளைப் பார்த்தாலே அந்த நாடு வந்த வழி தெரிந்துவிடும். புது ஆட்சிக்கு அது பொறுக்கவில்லை. மாமாவின் மதத்து ஆட்கள் சொற்பம்தானே என்று அவர்கள் சாமி நாளைத் தூக்கிவிட்டு, எந்தக் காலத்திலோ எவனோ ஜெயித்த போருக்கு ஒரு நாளை வைத்தார்கள். ஜெயித்தவனும் செத்தான், தோற்றவனும் செத்தான், இப்போது என்ன கொண்டாட்டம் வேண்டிக்கிடக்கிறது!

மாமாவுக்கு அது சும்மா படுத்துக் கிடக்கிற நாள் இல்லை. காய்ச்சலில் போன ஒரே மகனின் கல்லறையைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க் கழுவிவிட்டு வருகிற நாள். மற்ற நாட்களில் போக அவளுக்குத் தைரியம் வராது. அன்றைக்கென்றால் அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக அழலாம்.

கூட வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியனிடம் மாமா கேட்டார். “இந்தத் தடவையும் எனக்காக நின்னுடுப்பா.”

அவன் நிமிரவே இல்லை. “அது இப்போ லீவே இல்லையே மாமா. நான் நின்னா, இவனும் அவங்க ஆளுன்னு கட்டம் கட்டிடுவாங்க. நானும் புள்ளகுட்டிக்காரன்.”

“உங்க நாளுக்கெல்லாம் நான் நின்னேனேப்பா?”

“அதான் மாமா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இதைச் சொல்றதுன்னு தெரியல.”

அன்றைக்குப் பெண்டாட்டியை மட்டும் கல்லறைக்கு அனுப்பிவிட்டு மாமா வேலைக்கு வந்தார். விடுமுறை என்றால் எல்லா வால்வும் பகல் முழுக்கத் திறந்திருக்கும். சாதாரண நாளில் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகிற வால்வைக் காலையிலேயே மூடிவிட வேண்டும். மனசு எங்கேயோ கிடக்க, கை அதன் பாட்டுக்கு அதை இறுக மூடியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“யாருமே வரலைங்க. ஒருத்தருக்கும் லீவு கிடைக்கலை போல. அவ்ளோ பெரிய இடத்துல நான் மட்டும் ஒண்டியா நின்னேன்.”

“கல்லைக் கழுவினியா?”

“எங்க கழுவறது? ஒரே புழுதி. குழாயத் திறந்தா சொட்டுத் தண்ணி இல்ல. வெறுங்கையாலதான் தொடைச்சேன். எந்தப் பாவி மூடினானோ, நாசமாப் போக!”

பொய் சொல்லியிருக்கலாம். மாமாவுக்கு வாய் வரவில்லை.

“நான்தாம்மா மூடினேன்” என்றார். “இன்னிக்கு வேலை நாளாச்சே.”