முதலில் ஊதிக் காட்டிய காசிம் பாய்

“காசிம் பாய் சூலக்கரை பஸ் ஸ்டாப்பில விழுந்து செத்துட்டாராம்லே. போதையாம்.” என்னோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வம் போனில் இப்படித்தான் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை. அப்பவே நினைச்சேன் என்றுதான் தோன்றியது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சிவகாசியில் காகிதக் கடை வைத்திருந்த பாய், வருடக்கணக்காகக் குடித்து, பிறகு நிறுத்தியவர். குடியை விட நினைக்கும் எங்களைப் போன்றவர்களைச் சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு வரச்சொல்லி உட்கார வைப்பார். பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் பக்கத்து ஆள் முகத்தில் ஊதிக் காட்ட வேண்டும். முதலில் ஊதுவது பாய்தான். “சந்தேகப்படுங்க, தப்பில்ல. மோந்து பாத்துட்டுச் சந்தேகப்படுங்க” என்பார்.

மோந்து பார்த்த பிறகும் சந்தேகப்பட்டவன் நான். அவர் வாயில் எப்போதும் கிராம்பு. கிராம்பு எதை மறைக்கும் என்று குடித்தவனுக்குத் தெரியாதா? ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டே விட்டேன். பல்வலிக்கு என்றார். நான் சிரித்தேன். எழுந்து போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து வந்து மறுபடி ஊதினார். அதன்பின், கன்னம் வீங்கிக் கிடந்த வாரங்களில்கூட அவர் கிராம்பு போட்டதில்லை.

குடியை நிறுத்திய புதிதில் எனக்குக் கை நடுங்கியது. வேலையோ வெடிமருந்து கலக்கும் அறையில். அங்கே கை தவறினால் ஆள் மிஞ்சமாட்டான். பாய் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போர்மேனைப் பார்த்து, என்னைப் பெட்டி ஒட்டும் பக்கம் மாற்ற வைத்தார். கூலி குறையக் கூடாதென்று சண்டையும் போட்டிருக்கிறார். அப்போது அது எனக்கு எங்கே தெரியும்? கம்பெனிக்கு உளவு சொல்கிற ஆள் என்று தாயில்பட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் காதுக்கும் போயிருக்கிறது. “மாரியப்பன் உசுரோட இருந்து வையிறான்ல, அது போதும்” என்றாராம்.

செல்வம் சொன்ன அன்று பஸ்ஸில் பாய் வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பயம் பிடித்தது. அவரே குடித்துச் செத்திருந்தால், நான் எதைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் இருப்பது? சத்தியமாகச் சொல்கிறேன், வழியில் மதுக்கடை வரும்போது இறங்கக் காலும் எழுந்தது.

வீட்டில் இன்னும் குளிப்பாட்டவில்லை. கும்பிடுவதுபோலக் குனிந்து, அவர் வாயருகே மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் வேர்வை வாடை. நிமிர்ந்தால், வாசல் திரைக்குப் பின்னால் அவர் மனைவி.

“நானும் மோந்துதான் பாத்தேன், தம்பி” என்றார்.

எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

பாய், எங்கள் பட்டாசு ஆலைக்குப் போகும் பாதையில் இருக்கும் மதுக்கடையை எடுக்கச் சொல்லி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சுவலி. வெகுநேரம் கிடந்திருக்கிறார். குடிகாரன் என்று நினைத்து ஒருவரும் கிட்டே போகவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது முதலில் ஊதுவது நான். போன வாரம் ஆனைக்குட்டத்திலிருந்து வந்த புது ஆள் இரண்டு தடவை மோந்து பார்த்தும் முகத்தைச் சுளித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றும், இன்னொன்றும்: பஸ் ஸ்டாப்பில் எவன் விழுந்து கிடந்தாலும் குனிந்து பார்க்கிறேன். வாடை அடித்தாலும் தூக்கிவிடுகிறேன்.