முதல் வண்டி

அலுவலகத்தில் அவளுக்கு ‘பில்ட் அக்கா’ என்று பெயர். ஆளுக்கொரு மூலையில் எழுதித் தள்ளும் புரோகிராம்களைச் சேர்த்து, ஆம்புலன்ஸ் திரைகளில் ஓடும் ஒரே மென்பொருளாகக் கட்டுவது அவள் வேலை. கைதட்டல் மற்றவர்களுக்கு; ஏதாவது உடைந்தால் மட்டும் எல்லோருக்கும் அவள் ஞாபகம் வரும்.

அன்று காலை திரைகள் எல்லாம் உறைந்துவிட்டன. மழையில் எந்தச் சாலை அடைபட்டது என்று ஓட்டுநர்களுக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒருவன் அவள் தம்பி. வண்டியில் பிரசவ வலியோடு அவன் மனைவி.

வரைபடப் பகுதியை எழுதும் வரைபடக்காரன் திருத்தம் கொடுத்துவிட்டான். ஆனால் பகுதிகளைப் பொருத்திச் சேர்க்கும் பேக்கேஜ் மேனேஜர் என்ற நிரல் கட்ட மறுத்தது. வண்டி நிற்கும் இடத்தைக் கணக்கிடும் லைப்ரரி என்கிற பொதுப் பகுதியில் நான்காம் பதிப்புதான் வேண்டும் என்றது திருத்தம். மூன்றைத் தாண்ட மாட்டேன் என்றது வழிசொல்லும் பகுதி. பெரியப்பா வந்தால் சித்தப்பா வரமாட்டார் என்கிற கல்யாண வீட்டுக் கதைதான்.

“ஃபோர்ஸ் போட்டுக் கட்டும்மா, அது மறுத்தா மறுக்கட்டும்,” என்று குதித்தார் மேலாளர்.

அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. தம்பியின் போன் மறுபடி அடித்தது. செய்துவிட்டாள். கட்டி முடிந்தது என்று பச்சை விளக்கு வந்தது. வாசலில் நின்ற காலி வண்டிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தாள்.

“மேடம், என் வண்டி நடுக்கடல்ல நிக்குதாம். நீந்தியா போகட்டும்?” என்றார் அந்த ஓட்டுநர்.

யாரும் சிரிக்கவில்லை. புதிய பதிப்பு இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை முன்பின்னாகத் தருகிறது. வழிசொல்லும் பகுதிக்கு அது தெரியாது. அனுப்பியதைத் திரும்ப எடுத்தாள்.

“நாலாவதுதான் வேணுமா உனக்கு?” என்றாள் வரைபடக்காரனிடம்.

“இல்லக்கா… இருக்கறதுலயே புதுசுன்னு போட்டேன். மூணுல கடைசியா வந்ததே போதும்.”

“நல்லா போட்ட, போ!”

நான்காம் பதிப்பு என்ற நிபந்தனையைத் தளர்த்தினாள். பேக்கேஜ் மேனேஜர் பதிப்பு பதிப்பாகப் பின்னால் போய், இரண்டுக்கும் ஒத்துவருவதைப் பிடித்தது. எதையும் நம்பியிராத சின்னப் பகுதிகள் முதலில், அவற்றை நம்பியவை பிறகு என்று அடியிலிருந்து கட்டி முடித்தது. மறுபடியும் பச்சை. சூடு கண்ட பூனை அவள்; நம்பவில்லை.

வாசல் வண்டியும் இப்போது கிளம்பிவிட்டது. காலி வண்டியே இல்லை.

“யாருக்கும்மா மொதல்ல?” என்றார் மேலாளர்.

“என் தம்பிக்கு.”

“அதுல அவன் பொண்டாட்டி…”

“தெரியும் சார். அடுத்தவங்க வீட்டுப் பொண்ண வெச்சா சோதிச்சுப் பாக்கச் சொல்றீங்க?”

அனுப்பினாள். உடனே தம்பி கூப்பிட்டான். பின்னால் அவன் மனைவியின் அலறல்.

“அக்கா, திரை வந்துடுச்சு. பாலம் அடைப்பு, திரும்பிச் சுத்திப் போன்னு காட்டுது. நம்பலாமா?”

நம்பு என்று சொல்ல வாயெடுத்தாள்; நடுக்கடலில் நின்ற வண்டி நினைவுக்கு வந்தது.

“மொதல்ல யார் வண்டிக்கு அனுப்பின?” என்றான்.

“உனக்குத்தாண்டா.”



“அப்ப நம்பலாம்,” என்று வண்டியைத் திருப்பினான்.