அடங்காத ரீங்காரம்

தோருனின் இசையை இசை என்று அவள் அப்பா ஹல்வர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பகலெல்லாம் வடகோடித் துறைமுக ஊரான நார்விக்கின் மீன் ஆலையில் காட் மீனைக் கூறுபோடுகிறவள், சாயங்காலமானால் ஆட்டுக்கொம்பை ஊதுவாள், துருப்பிடித்த தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடிப்பாள். அந்த ஓசைகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து மெதுவாக ஓடவிட்டு, மரத்தில் தொங்கி, ரூன் என்னும் பழைய மந்திர எழுத்துகளைக் கண்டெடுத்த அந்த நாட்டு ஆதிக் கடவுள் ஓடினைப் பாடுவாள்.

கச்சேரி நடப்பதோ ஊருக்கு வெளியே, போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரன் விட்டுப்போன பதுங்குகுழியில். போர்க்காலத்தில் ஒரு அதிகாரி அங்கே சுவரெல்லாம் ரூன்களை வரைந்து பேய்களைக் கூப்பிட்டான் என்று ஒரு கதை உண்டு. தனியாகப் பேய் வேறு வேண்டுமா, அவனே போதாதா? தோருன் அந்தக் கதையைத்தான் புதுப் பாட்டாக்கியிருந்தாள்.

“அதையெல்லாம் எதுக்குக் கெளர்ற?” என்றார் ஹல்வர். அவருடைய அப்பா ஜெர்மன்காரனோடு சேர்ந்துகொண்ட கட்சிக்காரர். ஐம்பது வருஷமாகியும் அந்தக் கெட்ட பெயர் வீட்டை விட்டுப் போகவில்லை.

“பூட்டி வச்சாத்தாம்பா அது வளரும். பாட்டுல போட்டா செத்துப்போயிடும். ஒரு தடவை வந்து கேளுங்க.”

கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்துவிட்டாள். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு ஏக்கம்.

அவள் பாட்டைக் கேட்க வருகிற கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை. அவள் பாடி நிறுத்தியதும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ரீங்கரிப்பார்கள். மூச்சு தீரத் தீர அது தானாக அடங்கும். அதுதான் மரியாதை. அன்றைக்கு அடங்கவில்லை. தெற்கேயிருந்து வந்திருந்த மொட்டைத்தலைப் பையன்கள் சிலர் முன்வரிசையில் மூச்சு மாற்றி மாற்றி இழுத்தார்கள். பிறகு, போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் வைத்த அதே சல்யூட்டாக, வலது கையை விறைப்பாக நீட்டி உயர்த்தினார்கள்.

தோருன் சம்மட்டியை எடுத்துத் தண்டவாளத்தில் கண்டபடி அடித்தாள். ரீங்காரம் அறுந்தது. விளக்கைப் போட்டு, அவர்களை வெளியே போகச் சொன்னாள்.

“எங்க பாட்ட எங்களுக்கே பாடிட்டு, எங்களையே வெரட்றியா?” என்று ஒருவன் சிரித்துக்கொண்டே போனான்.

அவள் அப்பாவைத் தேடினாள். ஹல்வர் பின்னால் சுவரோரம், வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“பொறுக்கிப் பசங்கப்பா. அவனுங்கள மனசுல வச்சுக்காதீங்க.”

“அவனுங்கள விடு. என் கை தானாத் தூக்கிக்கிச்சும்மா. எட்டு வயசுல எங்கப்பா பழக்கின கை.”

அவள் அந்தக் கையைத் தொடப் போனாள், அவர் தரவில்லை.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு,” என்றார்.