துண்டை எடுக்கச் சொன்னவர்

ராஜபாளையத்துக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று பெயர் பெற்றவன். ஆனால் சென்ற ஆண்டு என் சொற்பொழிவை எடுத்த வீடியோவில் மின்விசிறியின் இரைச்சலே நிறைந்திருந்தது. என் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அதைப் பார்த்த உறவினர்கள், "அவியளுக்குக் கொரலு போச்சு" என்று முடிவுகட்டினார்கள்.

இந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் பாசுரங்களைப் பற்றிப் பேசியபோது, படமெடுக்க மெலிந்த நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். அவரிடமிருந்தது வீடுகளில் வைத்திருக்கும் சிறிய கேமராதான். முதலில் கண்களை மூடி நின்று மண்டபத்தைக் கேட்டார். பிறகு மேடை விசிறியை நிறுத்தினார். கேமராவிலிருந்து நீண்ட வயரின் முனையிலிருந்த சிறு மைக்கை என் சட்டையில் பொருத்தி, காதில் ஹெட்போனை மாட்டியதும் முகம் சுளித்தார்.

"ஐயா, துண்டை எடுத்துருங்க. கஞ்சி மொடமொடப்பு பூரா மைக்குல விழுது."

"துண்டில்லாமல் நான் மேடையேறியதில்லை."

"இம்புட்டு பேரும் துண்டைப் பாக்கவா வந்திருக்காவ? பேச்சைக் கேக்கத்தான ஐயா!"

அவையின் முன்னிலையில் துண்டை எடுத்து அவரிடமே கொடுத்தேன். வியர்வை வழிய ஒரு மணி நேரம் பேசினேன்.

முடிந்ததும் ஹெட்போனை என் காதில் வைத்தார். பாசுரம் தொடங்குமுன் நான் மூச்சிழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறர் இத்தனை காலம் கேட்ட என்னை அன்றுதான் நான் கேட்டேன். அவரோ தலை நிமிராமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கணினியில் என் குரலைத் திருத்திவிட்டதாக உறவினர்கள் இப்போது சொல்கிறார்கள். அது தவறு. என் குரலை அவர் தொடவே இல்லை.