மரகதம் வேஷம்

செங்கல்பட்டில் ஒத்திகைக்காகக் கமலவேணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒரு நாளும் தாமதமாக வராதவர். வரட்டும், இன்று வாங்கு வாங்கென்று வாங்கலாம் என்று காத்திருந்தேன். படாளத்திலிருந்து அவருடைய தம்பிதான் வந்தார். "அக்கா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்" என்றார்.

நாங்கள் இருவரும் சிநேகிதிகள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எட்டு வருடம் ஒரே குழுவில் ஒரே வேஷத்துக்கு அடித்துக்கொண்டவர்கள். எங்கள் நாடகத்தின் கதாநாயகி மரகதம். கணவன் கடலோடு போய்விட்டான் என்று கேட்டு, கடைசிக் காட்சியில் தாலியைக் கழற்றி வைப்பாள். கைதட்டல் அதற்குத்தான். முதலில் அந்த வேஷம் அவருக்கு. தங்கை வேஷம் எனக்கு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில், மன்றத்து ஆண்டுவிழாவுக்கு ஒருமுறை கூப்பிட்டிருந்தார்கள். அன்று பாதிக் கட்டுமரங்கள் கடலில். ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் பெண்கள் முன்னால் யாரும் தாலியைக் கழற்றக் கூடாது, நாடகமானாலும் சரி. வயலும் வரப்புமாக வளர்ந்த கமலவேணிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் கூச்சல் போட்டு அவரை இறக்கிவிட்டால் மரகதம் என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். அற்பத்தனம்தான், மறைக்கப்போவதில்லை.

அவர் கை தாலிக்குப் போனதும் கூட்டத்தில் ஒருத்தி எழுந்தாள். "இந்தாம்மே, கைய எடு. எங்க ஆளுங்கோ கடல்ல கீறாங்கோ." அவள் பின்னாலேயே மற்ற பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

கமலவேணி ஒரு நொடிதான் அவர்களைப் பார்த்தார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செய்தி சொல்ல வந்தவனிடம், "நீ பாத்தது வேற யாரையோ. என் வூட்டுக்காரர் வருவார். உலை வைக்கணும், நீ போ" என்றார். அந்த நடிகர் திருதிருவென்று விழித்தார். பெண்கள் உட்கார்ந்தார்கள், சிலர் அழுதார்கள். அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வயிறு எரிந்தது.

வேஷம் கலைக்கும்போது கேட்டார்: "உங்க ஊருதானே? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் வேஷம் வோணும்னா மூஞ்சிக்கு நேரா கேளு. குடுக்க மாட்டேன். ஆனா கேளு."

அடுத்த ஒத்திகையில் கேட்டேன். இருவரும் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினோம். முடிந்ததும் அவரே, "இன்னிக்கு இவதான் நல்லா செஞ்சா. இவளே போடட்டும். அடுத்த வருசம் புடுங்கிக்கிறேன்" என்றார். சொன்னபடி பிடுங்கியும் கொண்டார். அதன் பிறகு வருடா வருடம் இதே கதைதான். போட்டி போடாமல் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. இருவரும் நன்றாக நடித்தோம் என்றால் அதனால்தான்.

இந்த வருடம் மரகதம் அவருடையது. சனிக்கிழமை நாடகத்தை நிறுத்திவிடலாமா என்று குழுவில் கேட்டார்கள். வேண்டாம், நான் போடுகிறேன் என்றேன். நன்றாகவே போடுவேன். வேண்டியதை நேருக்கு நேர் கேட்கிற துணிச்சலை அவரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். மரகதத்தை மட்டும் இந்தத் தடவை கேட்காமல் எடுத்துக்கொள்கிறேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவர் இல்லை.